ஏழு பகுதிகளில் ஒரு காணி

முதல் பதிவுக்கு எனக்கு ஒரு வாக்குக் கிடைத்தது. அதை நானே போட்டிருந்தேன். தன் பதிவுக்குத் தானே வாக்களிப்பது அந்தத் தளத்தில் குற்றமாகாது என்று விதிகளைப் படித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் போட்டேன். ஏழு நாள் கழிந்ததும் அந்த வாக்கு புள்ளியாக மாறி என் கணக்கில் சேர்ந்தது. புள்ளியை ரூபாயாக்கினால் ஒரு தீப்பெட்டி வாங்கலாம். ஆனால் தீப்பெட்டி வாங்கும் தொகையை எடுக்க அவர்கள் விடுவதில்லை. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று உண்டு. எல்லா அரசுத் திணைக்களங்களிலும் அப்படி ஒன்று உண்டு.

தளம் என்பது எழுதுகிறவர்களுக்கான ஓர் இணையத் தளம். யாரும் கணக்குத் திறக்கலாம், எதையும் எழுதலாம். வாசிக்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள். எல்லா வாக்குக்கும் ஒரே கனம் கிடையாது. நெடுநாள் இருந்து புள்ளி சேர்த்தவரின் ஒரு வாக்கு, நேற்று வந்த இருநூறு பேரின் வாக்கைவிட அதிகம் பெறும். பதிவு வெளியாகி ஏழு நாளுக்குள் விழும் வாக்குக்கே பெறுமதி. எட்டாம் நாள் ஊரே திரண்டு வந்து போட்டாலும் ஒரு சதம் சேராது. சேவை மூப்பு, காலக்கெடு, மேலதிகாரியின் தயவு. பிரதேச செயலகம் ஒன்றில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்கவில்லை. விதிகள் முழுவதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்த ஒரே உறுப்பினன் நானாகத்தான் இருப்பேன். இரண்டு விதிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதைக் கண்டு எழுதி அனுப்பினேன். நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதுவும் பழகியதுதான்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் ஏறாவூர்க்காரர். எங்கள் செயலகக் கந்தோரில் இருபது வருடம் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் தன் வீட்டுக் கோழிகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். நான் சேர்ந்த காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கோழிகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். நானோ மாவட்ட நிர்வாகத்தின் வரலாறு பற்றி அடிக்குறிப்புகளுடன் கட்டுரைகள் எழுதினேன். ஒருநாள் தொலைபேசியில் வந்தார்.

"சேர், ஒங்கட கட்டுரைய வாசிச்சன். வாசிச்சி முடிக்கிறத்துக்குள்ள ஊட்டுல ரெண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க."

"எப்படி இருந்தது?"

"சாப்பாடா?"

"கட்டுரை" என்றேன்.

"கோவிக்காதீங்க சேர். இதுல எழுத்து கடைசி விசயம். நாலு பேர்ர பதிவுக்குப் போய் நாலு வார்த்தை எழுதணும். கலியாண ஊட்டுக்குப் போற மாதிரித்தான். நீங்க ஒருத்தன்ட ஊட்டுக்கும் போகாட்டி ஒங்கட ஊட்டுக்கு ஆரு வருவா?"

போனேன். ஒரு நாளைக்குப் பத்து வீடு என்று ஒழுங்கு வைத்துக்கொண்டு போனேன். அருமை, சிறப்பு, தொடருங்கள் என்று எழுதினேன். அந்த வீட்டுக்காரர்கள் திரும்ப வந்து எனக்கும் அருமை, சிறப்பு, தொடருங்கள் என்று எழுதினார்கள். எவரும் எதையும் வாசிக்கவில்லை. கந்தோர்க் கோவைகளில் வரும் குறிப்புகளின் கீழ் "பார்த்தேன்" என்று எழுதி ஒப்பமிட்ட பல வருட அனுபவம் கைகொடுத்தது. வாவியில் சூரியன் இறங்கும் படம் போட்டால் வாக்கு இரட்டிப்பாகும் என்று கண்டேன். அந்த வாவியில் பாடுவதாக ஊர் சொல்லும் மீனைப் பற்றி எழுதினால் இன்னும் அதிகம். அறுபத்தெட்டு வருடமாக இந்த வாவிக் கரையில் இருக்கிறேன், ஒரு மீனும் எனக்குப் பாடியதில்லை. அதை அப்படியே எழுதினேன். அதற்கு வாக்கு விழவில்லை.

"கந்தோர விட்டு வந்தும் கந்தோர்தானா இது?" என்று மனைவி கேட்டார். "அங்கயெண்டா சம்பளமாவது வந்திச்சி."

நிலைமை திரும்பியது பிறப்புச் சான்றிதழில்தான். தேநீர்க் கடையில் ஒருவர் தன் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையாக விழுந்திருப்பதைச் சொல்லி, யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டார். யாரையும் பிடிக்கத் தேவையில்லை, இன்ன படிவம், இன்ன ஆவணங்கள், இன்ன கருமபீடத்தில் வரிசையில் நின்று கொடுங்கள் என்று சொன்னேன். அவர் நம்பாத முகத்துடன் எழுந்து போனார். வீட்டுக்கு வந்து, சொன்னதை அப்படியே பதிவாக எழுதினேன். அடிக்குறிப்பு இல்லை, வரலாறு இல்லை, படம்கூட இல்லை. இரண்டு நாளில் கட்டாரிலிருந்தும் கனடாவிலிருந்தும் பாசிக்குடா விடுதிகளின் சமையலறைகளிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஐயா, எனக்குத் தாயின் பெயர் பிழை. ஐயா, எனக்குப் பிறந்த திகதியே பிழை. ஐயா, எனக்குப் பதிவே இல்லை. பதில் எழுத எழுத ஆட்கள் சேர்ந்தார்கள். சேவையில் இருந்த காலத்தில் இதே விபரங்கள் கந்தோர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. அதன் முன்னே நின்று எவரும் வாசித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தமிழ்க் குழுமத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். எந்த நாட்டில் இருக்கிறார், ஆணா பெண்ணா என்று தெரியாது. முகத்துக்குப் பதிலாக ஓர் ஆந்தைப் படம் வைத்திருந்தார். ஆந்தையின் ஒரு வாக்கு விழுந்தால் அந்த வாரம் விளங்கும். ஆந்தை எனக்கு ஒரு தனிச்செய்தி அனுப்பியது. நல்ல உள்ளடக்கம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பதிவில் கொட்டுகிறீர்கள். சிறு பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்றாகப் போடுங்கள். வாசகர் திரும்பி வருவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நான் வாக்களிக்க முடியும்.

சேவைக்காலம் முழுவதும், "நாளைக்கு வாங்க" என்று சொல்லும் எழுதுவினைஞர்களை நான் ஏசியிருக்கிறேன். ஒருவருக்கு எழுத்தில் எச்சரிக்கையும் கொடுத்தேன். ஆந்தையின் செய்தியை வாசித்தபோது அவர்களில் ஒருவரும் என் நினைவுக்கு வரவில்லை. சரியான யோசனை என்றுதான் பட்டது. கடவுச்சீட்டை மூன்று பகுதியாக்கினேன். ஓய்வூதியத்தை ஐந்தாக்கினேன். புள்ளிகளை எப்படிப் பணமாக்குவது என்பதே நான்கு பகுதித் தொடராக வந்தது. ஒவ்வொன்றின் முடிவிலும், அடுத்தது செவ்வாய்க்கிழமை என்று போட்டேன். பின்தொடர்பவர்கள் கோழிகளைத் தாண்டினார்கள். ஏறாவூர்க்காரர் வாழ்த்துச் சொன்னார், கொஞ்சம் மெதுவான குரலில்.

பிறகு காணித் தொடரைத் தொடங்கினேன். ஏழு பகுதிகள்.

இதற்கு எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்தால் ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவான். தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவளுடைய மகளுக்கு. நானும் முப்பத்தெட்டு வருடமாக மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். மின்சாரப் பட்டியல் என் பெயரில் வருகிறது. அந்த வீட்டில் என் உரிமை அதோடு முடிகிறது. இது எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்பதால் எவரும் இதை எழுதி வைப்பதில்லை. அங்கேதான் பிழை தொடங்குகிறது.

அரசு குடியேற்றிக் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிக்கு, பத்திரக்காரர் தனக்குப் பின் யார் என்று பெயர் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். பின்னுரித்தாளர் நியமனம் என்று படிவத்தில் இருக்கும். சனங்கள் 'பேர் போடுறது' என்பார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த பத்திரங்களில் பாதிக்கு மேல் அந்த இடம் வெறுமையாக இருந்தது. வேறு ஊர்க்காரன் மகனுக்கும் மகளுக்கும் சண்டை வரும் என்று பயந்து அதை நிரப்புவான். எங்கள் ஆட்களுக்கு அந்தப் பயம் இல்லை. வீடு மகளுக்குத்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது? பத்திரக்காரர் கண்ணை மூடியதும் பிள்ளைகள் அத்தனை பேரும் சட்டத்தின் முன் உரிமை கேட்கலாம். விசாரணை வரும். அந்த விசாரணைகள் எத்தனை வருடம் போகும் என்று எனக்குத் தெரியும். சிலதை நானே தள்ளி வைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் முதலாம் பகுதியில் சொன்னேன். தொடரின் பொருளடக்கத்தையும் கொடுத்தேன். ஐந்தாம் பகுதி, கையெழுத்து யார் முன்னிலையில். ஆறாம் பகுதி, பதிவு. ஏழாம் பகுதி, பெயர் போடாமல் இறந்துவிட்டால். ஏழையும் முதல் வாரத்திலேயே எழுதி முடித்து, ஒவ்வொரு செவ்வாயும் தானாக வெளியாகும்படி நாள் குறித்து வைத்துவிட்டேன். வேலையைக் காலத்தோடு முடிப்பது என் பழக்கம்.

இரண்டாம் பகுதியின் கீழே ஒரு புதுக் கணக்கிலிருந்து கருத்து வந்தது. படம் இல்லை, ஒரு பதிவும் இல்லை. கேள்வி கேட்பதற்கென்றே ஒரு பெண் கணக்குத் திறந்திருந்தாள்.

"ஐயா, நாங்க வாகரைப் பக்கம். அம்மாட பேமிட் காணி. வீடு எனக்கெண்டு சொல்லித்தான் கலியாணம் முடிச்சித் தந்த. நான் பாசிக்குடா ஹோட்டல்ல உடுப்புக் கழுவுற பகுதியில வேல. அண்ணன் குருக்கள்மடத்தில பொண்சாதி வீட்டில. இப்ப அவரு காணியில பங்கு வேணும் எண்டு கதைக்கார். அம்மாக்குச் சிறுநீரக வருத்தம். மறுகா அடுத்தத எப்ப போடுவீங்க?"

"வரும் செவ்வாய் மூன்றாம் பகுதி. தொடர்ந்து வாசியுங்கள்" என்று பதில் எழுதினேன்.

அவள் வாக்கும் போட்டிருந்தாள். புதுக் கணக்கின் வாக்கு. அதற்கு ஒரு பெறுமதியும் கிடையாது. மூன்றாம் பகுதிக்கும் போட்டாள். நான்காம் பகுதிக்கும் போட்டாள். ஆந்தை, தொடர் நன்றாக இழுக்கிறது, வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்று பாராட்டியது.

நான்காம் பகுதி வந்த வாரத்துச் சனிக்கிழமை காலை அவளுடைய அடுத்த கருத்தைப் பார்த்தேன்.

"ஐயா, அம்மா கையெழுத்து வெச்சாச்சி. ஜே.பி. ஐயாக்கு முன்னாலதான் வெச்ச. பேப்பர அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டியிரிக்கன். அம்மா வியாழக்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரியில. இனிப் பயமில்லத்தானே?"

அதில் இரண்டு பிழை இருந்தது. சமாதான நீதவான் முன்னால் வைத்த கையெழுத்து இந்த விடயத்துக்குச் செல்லாது; காணிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் முன்னால் வைக்க வேண்டும். அது ஐந்தாம் பகுதி. சரியான ஆள் முன்னால் வைத்தாலும், பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே அது பதிவாக வேண்டும். அலுமாரிக்குள் பூட்டினால் வெறும் தாள். அது ஆறாம் பகுதி. அதற்கு "பலரும் விடும் பெரிய பிழை" என்று துணைத்தலைப்பும் வைத்திருந்தேன். இரண்டு வரியில் சொல்லக்கூடியது. சொன்னால், தொடரில் எல்லோரும் காத்திருந்த இடம் ஒரு கருத்துப் பெட்டிக்குள் முடிந்துவிடும்.

நான் எழுதிய பதில் இது: "கையெழுத்துப் பற்றி ஐந்தாம் பகுதியிலும் பதிவு பற்றி ஆறாம் பகுதியிலும் விளக்கமாக வரும். இரண்டும் முக்கியம். காத்திருங்கள்."

மத்தியானம் ஏறாவூர்க்காரர் அழைத்தார். சலாமும் இல்லை, சுகமும் விசாரிக்கவில்லை.

"சேர், அந்தப் புள்ளைக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"எந்தப் பிள்ளை?"

"உம்மா ஆஸ்பத்திரில எண்டு எழுதின புள்ள. அவ செஞ்சது பிழையா சரியா?"

"பிழை."

"ஒங்களுக்கு விடை தெரியும்."

"ஆறாம் பகுதியில் இருக்கிறது."

"சேர், நான் களஞ்சியத்துல இருந்தவன். சாமான உள்ளுக்க வெச்சிக்கிட்டு இல்ல எண்டு சொல்ற ஆளுகள எனக்குத் தெரியும். நானும் சொல்லியிருக்கன், அப்ப நீங்கதான் எனக்கு ஏசின. நீங்க கோழியப் பத்தி எழுதியிருக்கலாம். கோழி செவ்வாய்க்குச் செவ்வாய் எண்டு ஆறு கிழமைக்கு முட்டைய அடக்கி வெக்காது."

தொலைபேசியை வைத்துவிட்டு, முழு நடைமுறையையும் ஒரே கருத்தாக எழுதிப் போட்டேன். அவள் எப்போது பார்ப்பாள் என்று தெரியாததால் என் தொலைபேசி இலக்கத்தையும் கீழே எழுதினேன். கருத்துகளில் இலக்கம் எழுதுவது விதிப்படி தடை. ஒரு மணி நேரத்தில் ஆந்தை அந்தக் கருத்தை முழுவதும் நீக்கி எனக்கு எச்சரிக்கை அனுப்பியது. என் வாழ்நாளில் நான் எழுத்தில் வாங்கிய ஒரே எச்சரிக்கை அது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் பார்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்தாள். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"ஐயா, நான்தான். அந்தக் காணி."

"எந்தக் காணி?" என்றேன், கருமபீடத்துப் பழக்கத்தில்.

"அம்மாட காணி ஐயா. ஜே.பி. முன்னால வெச்சது காணாதா?"

"காணாது. செல்லாது."

"அவரு பெரிய சீல் ஒண்டு குத்தினாரே."

"சீல் பெரிசுதான்."

 நான் தொடர்ந்தேன். நோயாளி வரமுடியாவிட்டால் உத்தியோகத்தர் கட்டிலடிக்கே வந்து கையெழுத்து வாங்கலாம். அதற்கு ஒரு கோரிக்கைக் கடிதம் வேண்டும், தாய் சுயநினைவோடு இருக்கிறார் என்று வைத்தியரின் குறிப்பு வேண்டும். கடிதத்தைச் சொல்லச் சொல்ல எழுதினாள். திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை, கந்தோர் பூட்டு. செவ்வாய் காலை எட்டரைக்குக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நிற்க வேண்டும். பத்து மணிக்கு உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி. பன்னிரண்டுக்குள் பதிவுக்கு.

"அம்மாவால் எழும்ப முடியுமா?" என்று கேட்டேன்.

"இப்ப ஏலா ஐயா. முதல்ல ஏலும். நீங்க ரெண்டாவது பகுதி போட்ட நேரமெல்லாம் அவ நடந்து போய் மீன் வாங்கினவ. பிரதேச செயலகத்துக்கும் ஒருக்காப் போனவ, உதவிப் பணம் எடுக்க. நீங்க வாற கிழம வாற கிழம எண்டு சொல்லக்குள்ள, சரி, எல்லாத்தையும் வாசிச்சிப்போட்டு ஒரேயடியாச் செய்வம் எண்டு இரிந்தன்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. விபரம் சொன்னாள், அவ்வளவுதான். நான் கடிதத்தின் கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

தாய் போயா தினத்தன்று மத்தியானம் இறந்துபோனார். எனக்கு அது செவ்வாய் காலையில்தான் தெரியவந்தது. அன்று காலை, நான் நாள் குறித்து வைத்தபடி, ஐந்தாம் பகுதி தானாக வெளியாகியிருந்தது. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை. தலைப்பு, "கையெழுத்து: யார் முன்னிலையில்?" அதன் கீழே அவள் எழுதியிருந்தாள்.

"ஐயா, அம்மா நேத்து மோசம் போயிட்டா. இனி அஞ்சும் ஆறும் வேணாம். ஏழாவத இப்பவே போடுங்க."

மிச்சம் இரண்டையும் அந்த நிமிடமே வெளியிட்டேன். விதிப்படி ஒரு நாளைக்கு ஒரு பதிவுக்குத்தான் புள்ளி. மற்றவை கணக்கில் வராது. வரவில்லை. ஆனால் ஐந்தாம் பகுதிக்கு விழுந்ததுபோல வாக்கு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு விழுந்ததில்லை. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று எழுதி எழுதிப் போட்டுவிட்டுப் போனார்கள். அவளுடைய கருத்துக்கும் வாக்குப் போட்டார்கள், ஆந்தையும் போட்டது. கருத்துகளுக்கும் புள்ளி உண்டு. தாய் இறந்துவிட்டார் என்று அறிவித்த அந்த மூன்று வசனத்துக்கு ஏழு நாளின் பின் அவள் கணக்கில் புள்ளி சேர்ந்தது. அவள் அதைக் கவனித்திருக்கவே மாட்டாள். அதை எப்படி எடுப்பது என்று நான் எழுதிய நான்கு பகுதிகளையும் அவள் வாசித்திருக்க நியாயமில்லை.

விசாரணைக்கு மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. அவள் அதைப் படம் பிடித்து அனுப்பி, வரமுடியுமா என்று கேட்டாள். அப்படித் துணைக்கு ஒருவர் வர இடமுண்டு என்று ஏழாம் பகுதியில் நான்தான் எழுதியிருந்தேன். பஸ்ஸில் போனேன். ஓய்வு பெற்றபின் முதன்முறையாக ஒரு காணிக் கிளையின் வெளியே, ஆட்கள் காத்திருக்கும் மர வாங்கில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் குட்டை. வருடக்கணக்காக உள்ளே இருந்ததில், வெளி வாங்குகள் ஆடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவளை அன்றுதான் நேரில் கண்டேன். முப்பது வயதிருக்கும். சவர்க்காரத்தில் ஊறி வெளிறிய விரல்கள். தமையன் எதிர் வாங்கில் இருந்தார். நாற்பத்தைந்து வயதளவில், மேசன் வேலை செய்கிறவர், மடியில் ஒரு பச்சைக் கோவை. உள்ளே கூப்பிட்டதும் அதை விரித்தார். என் தொடர். ஏழு பகுதியும், கருத்துகள் உட்பட, அச்செடுத்து, துளையிட்டு, நாள்வாரியாக அடுக்கி, வேண்டிய இடங்களில் கோடிட்டு வைத்திருந்தார். கோவை ஒன்று எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. நான் பயிற்றுவித்த எழுதுவினைஞர்கள் பலர் அப்படி வைத்ததில்லை.

விசாரித்தவர் ஓர் இளம் பெண் உத்தியோகத்தர். தங்கை தன் பக்கத்தைச் சொன்னாள்: வீடு சீதனமாகத் தந்தது, ஊருக்கே தெரியும், நான்தான் அம்மாவைப் பார்த்தது. பிறகு தமையன் எழுந்தார்.

"மிஸ், இது தங்கச்சிக்கெண்டு சொன்னதுதான். நான் இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா பேர் போடாம செத்தா எல்லாப் புள்ளையளுக்கும் கேக்க உரித்து இரிக்கெண்டு இதில கிடக்கு. நான் சொந்தமாச் சொல்லல்ல, இந்த ஐயாதான் எழுதியிரிக்கார்." கோவையில் விரலை வைத்தபடி என்னைக் காட்டினார்.

உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். "நீங்களா எழுதின?"

"ஓம்."

"இது சரியா?"

"சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்."

"உங்கட வீடு இரிக்கேயண்ணன்," என்றாள் தங்கை.

"எங்க இரிக்கி? அது அவட வீடு. நாளைக்கு ஏசினா நான் சைக்கிளோட வெளியில." அவர் உத்தியோகத்தரிடம் திரும்பினார். "மிஸ், எனக்கு மூணு பொம்புளப் புள்ளையள். மூணு வீடு கட்டணும். மூத்தவளக் கேட்டு வந்திட்டாங்க. வீடெங்க எண்டுதான் முதல்ல கேக்காங்க. மத்தவங்களுக்கு வீடு கட்டித்தான் என்ட கை தேஞ்ச. இவளுக்கு ஒரு மகன்தான். அவனுக்கு வீடு எதுக்கு? அவன் போற இடத்தில கிடைக்கும்."

எவரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் அது நியாயமான வாதமாகவே பட்டது. அவளும் மறுக்கவில்லை. "அப்ப நான் எங்க போற?" என்று மட்டும் கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டிருந்தார்.

மேலதிக ஆவணங்களுக்காக விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த தவணை இரண்டு மாதத்தில். நானாக இருந்தாலும் ஒத்திவைத்திருப்பேன்.

வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் ஒரே மரநிழலில் நிற்க வேண்டியிருந்தது. வேறு நிழல் இல்லை. அவளுக்கு வடக்கே போகும் பஸ். தமையனுக்கும் எனக்கும் தெற்கே. அடுத்த தவணைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று அவள் கேட்டாள். சொல்லத் தொடங்கினேன். தாயின் இறப்புச் சான்றிதழ், மூல அனுமதிப்பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிட அத்தாட்சி, வீடு கட்டிய செலவுக்கு ஏதாவது பற்றுச்சீட்டு, அயலவர் இருவரின் சத்தியக்கடதாசி. அவள் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாக எழுதினாள்.

தமையன் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

"ஐயா, எனக்கும் சொல்லுங்க. நான் என்ன கொண்டு வரணும்?"

நான் அவளைப் பார்த்தேன்.

"சொல்லுங்க ஐயா, அவருக்கும் சொல்லுங்க," என்றாள். "ஒளிச்சி வெச்சி என்ன கண்டம்?"

சொன்னேன். அவருடைய பிறப்புச் சான்றிதழ், தாயின் பெயர் அதில் சரியாக இருக்க வேண்டும்; பிள்ளைகளின் விபரம்; உரிமை கோரிக்கை எழுத்தில், மூன்று பிரதி. அவரிடம் பேனை இருந்தது, தாள் இல்லை. கோவையைத் திறந்து ஐந்தாம் பகுதியின் பின்பக்கத்தில் எழுதினார். எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதுகிறவர். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. "வதிவிட அத்தாட்சி அவருக்கும் வேணுமா ஐயா?" என்று அவள் இடையில் கேட்டாள். வேண்டும் என்றேன். "அப்ப அதையும் எழுதண்ணன்," என்றாள். எழுதினார்.

வடக்கே போகும் பஸ் முதலில் வந்தது. தமையன் கையைக் காட்டி அதை மறித்தார். அவள் ஏறினாள்.